வயிறு இறுக்கும் ஒப்பரேஷனுக்குப் பிறகு உள்ளே தண்ணி தேங்கினால் என்ன செய்வது?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். கேட்டவர் உப்புவெளியில் இருக்கும் மூன்று பிள்ளைகளின் தாய். கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் வயிறு இறுக்கும் ஒப்பரேஷன், ரம்மி ரக் என்று சொல்வார்களே, அது செய்து இன்றைக்குப் பதினாறாவது நாள். எட்டாம் நாள் வடிகுழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நான்கு நாளாகத் தொப்புளுக்குக் கீழே தண்ணி தளும்புகிறது. காய்ச்சல் இல்லை, பெரிய நோவும் இல்லை. "மாமி தண்ணி குடிக்கிறதைக் குறைக்கச் சொல்லுறா. பெல்ட்டை இன்னும் இறுக்கினால் வத்துமா? திரும்பக் கொழும்புக்குப் போகவேணுமா? இஞ்ச ஆஸ்பத்திரியில காட்ட வெக்கமாக் கிடக்கு. அயலுக்கெல்லாம் ஹேர்னியா ஒப்பரேஷன் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன்."

தங்கச்சி, நான் திருகோணமலையில் சத்திரசிகிச்சை வோட்டுகளில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். மருத்துவர் அல்ல. உங்கள் வயிற்றைப் பார்க்காமல் ஊசி போடுவதா இல்லையா என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் இந்தத் தண்ணியை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நாளைக் காலையிலேயே உங்களுக்கு ஒப்பரேஷன் செய்த சேர்ஜனோடு கதையுங்கள். ஓரிரு நாளுக்குள் இங்கேயே ஒரு சேர்ஜனிடம் காட்டுங்கள். ஒப்பரேஷனுக்குப் பிறகு வயிற்றைச் சுற்றிப் போடத் தருகிற பெல்ட்டை இப்போது இருப்பதற்கு மேல் இறுக்க வேண்டாம். தண்ணி குடிப்பதைக் குறைக்கவே வேண்டாம். மருத்துவரிடம் ஹேர்னியா என்று சொல்ல வேண்டாம்.

இந்தத் தண்ணிக்கு செரோமா என்று பெயர். அது எங்கேயிருந்து வருகிறது என்று விளங்கினால் மற்ற எல்லாவற்றுக்கும் விடை தானாக வரும். இந்த ஒப்பரேஷனில் அடிவயிற்றின் குறுக்கே இடுப்புக்கு இடுப்பு வெட்டி, தோலையும் அதனடியில் இருக்கும் கொழுப்பையும் சேர்த்து, தசையின் மேலுள்ள உறையிலிருந்து விலா எலும்பு வரைக்கும் உரித்து எடுக்கிறார்கள். விலகிப்போன தசைகளை நடுவில் சேர்த்துத் தைக்கிறார்கள். பிறகு அந்தத் தோலைக் கீழே இழுத்து, மிஞ்சினதை வெட்டி எடுத்துவிட்டுப் பொருத்துகிறார்கள். வெளியே தெரிவது ஒரு நீளத் தையல் மட்டும்தான். உள்ளே ஒரு பெரிய தாம்பாளம் அகலத்துக்கு இரண்டு பச்சைப் புண் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கிறது. அந்தப் பரப்பில் நுண்ணிய இரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் அறுபட்டிருக்கும். அவற்றிலிருந்து கசிகிற வைக்கோல் நிற நீர்தான் செரோமா.

இரண்டு பரப்பும் ஒட்டிவிட்டால் நீர் தேங்க இடம் இராது. அவ்வளவுதான் விஷயம். சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போடுகிறவரைப் பாருங்கள். சொலூஷன் பூசி, ஒட்டை வைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் இருப்பார். அந்த நேரத்தில் ஒட்டு ஒரு நூல் அளவு நகர்ந்தாலும் பிடிக்காது. உங்கள் வயிற்றிலும் தோல் தசை மேல் வழுக்கி வழுக்கி அசைந்தால் ஒட்டப்போன இடம் திரும்பத் திரும்பப் பிரியும், பிரிந்த இடைவெளியில் நீர் சேரும். அதனால்தான் சில சேர்ஜன்கள் தோலின் அடிப்பக்கத்தைத் தசை உறையோடு அங்கங்கே உள்தையல் போட்டுப் பிடித்துவிடுகிறார்கள். பிரேசிலில் பரூடியும், அமெரிக்காவில் பொலொக் என்ற இரு சேர்ஜன்களும் 1998, 2000 காலப்பகுதியில் இதைப் பற்றி எழுதிய பிறகு அது பரவியது. அப்படித் தைத்தவர்களில் சிலருக்கு வடிகுழாயே வைப்பதில்லை. உங்களுக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள். அதுவும் சரியான வழிதான். நாளொன்றுக்கு 30 மில்லி லீற்றருக்குக் குறைவாக வடிகிறது என்று கண்ட பிறகு குழாயை எடுப்பது பொதுவான வழக்கம். அப்படி எடுத்த பின்னும் இரண்டாம் மூன்றாம் கிழமையில் நீர் சேர்வது அபூர்வம் அல்ல. பல வைத்தியசாலைகளின் கணக்குகளில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு வந்திருக்கிறது. உடல் பருமன் கூடினவர்களுக்கும், கூடவே கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லிப்போசக்ஷன் செய்தவர்களுக்கும் இன்னும் கூட. ஆகவே நீங்கள் ஏதோ பிழை விட்டுவிட்டீர்கள் என்று குமைய வேண்டாம்.

இப்போது மாமியின் கதைக்கு வருவோம். அவ அன்பில்தான் சொல்கிறா. ஆனால் நீங்கள் குடிக்கிற தண்ணி நேரே போய் அந்த இடைவெளியில் விழுவதில்லை. குடிப்பதைக் குறைத்தால் செரோமா ஒரு சொட்டும் குறையாது. சிறுநீர் மஞ்சளாகும், மலம் இறுகும், முக்கினால் தையல் இழுபடும், இரத்தம் தடித்துக் காலில் கட்டி உறையும் ஆபத்தும் கூடும். எங்கள் ஊர் வெயிலில் நாளுக்கு இரண்டு லீற்றராவது குடியுங்கள். சலம் கூடப் போவதற்கென்று பார்மசியில் குளிசை வாங்கிப் போடுவதும் வேண்டாம். பார்லித் தண்ணி குடித்தால் கேடில்லை, அதற்காக இந்த நீர் வற்றும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

உங்களுடையது செரோமாதானா, வெறும் வீக்கமா? ஒப்பரேஷன் செய்த எல்லாருக்கும் வீக்கம் இருக்கும். பின்னேரம் கூடும், காலையில் குறையும், தொட்டால் தடிப்பாக இருக்கும், மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும். அது திசுவுக்குள் ஊறி நிற்கிற நீர், ஊசியால் எடுக்க முடியாது. செரோமா வேறு மாதிரி. நேராக மல்லாந்து படுத்து, ஒரு கையை வயிற்றின் ஒரு பக்கம் மெதுவாக வைத்து, மற்றப் பக்கத்தில் விரலால் இலேசாகத் தட்டிப் பாருங்கள். அலை ஓடி வந்து கையில் படும். எழும்பி நின்றால் எல்லாம் தையலுக்கு மேலே ஒரு பை போல இறங்கும். சிலருக்கு நடக்கும்போது சளக்கென்று சத்தமே கேட்கும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இதுதான் போல. அல்ட்ரா சவுண்ட் ஸ்கான் ஒன்று எடுத்தால் எங்கே, எவ்வளவு என்று தெளிவாகத் தெரிந்துவிடும். தட்டிப் பார்ப்பதை ஒரு தரத்தோடு விடுங்கள், நாள் முழுக்க அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவே தோலை அசைக்கும்.

சின்ன அளவு என்றால் உடம்பே உறிஞ்சிவிடும், மருத்துவர் ஸ்கானைப் பார்த்து ஒன்றும் செய்யாமல் விடலாம். கண்ணால் அலை தெரிகிற அளவு, அதுவும் நாளுக்கு நாள் கூடுகிறது என்றால் ஊசியால் எடுப்பதுதான் வழக்கம். எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் ஒப்பரேஷன் செய்த தோல் கீழ்ப்பகுதியில் பல மாதம் மரத்துப்போய் இருக்கும், அதனால் ஊசி ஏறுவது பெரும்பாலானவர்களுக்கு அழுத்தம் போலத்தான் தெரியும். கட்டிலில் படுக்க வைத்து, கிருமிநீக்கி மருந்தால் தோலைத் துடைத்து, தையலுக்குப் பக்கத்தில் நீர் கூடத் தேங்கி நிற்கிற இடத்தில் ஊசியைச் சாய்வாக விட்டு, பெரிய சிறிஞ்சால் மெதுவாக இழுப்பார்கள். மற்றக் கை மேலிருந்து கீழே வயிற்றை வழித்து நீரைக் கொண்டு வரும். பத்து இருபது நிமிட வேலை. எடுத்தவுடன் பஞ்சு வைத்து, பெல்ட்டைத் திரும்பப் போட்டுவிடுவார்கள். அந்த நேரத்து அழுத்தம் முக்கியம், இரண்டு பரப்பும் ஒன்றையொன்று தொடுகிற நேரம் அதுதான்.

ஒரு தரம் எடுத்தால் முடிந்தது என்று நினைத்துப் போகாதீர்கள், மனம் உடைந்துவிடும். மூன்று நாளிலோ ஒரு கிழமையிலோ திரும்பச் சேரும், திரும்ப எடுப்பார்கள். பார்க்க வேண்டியது எத்தனை தரம் என்பதை அல்ல, அளவு இறங்குகிறதா என்பதை. முதல் தரம் 120 மில்லி லீற்றர், அடுத்தது 70, அதற்கடுத்தது 30 என்று போனால் நல்லபடியாக ஒட்டிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். ஒரு சின்னக் கொப்பியில் திகதி, அளவு, நிறம் மூன்றையும் எழுதுங்கள். வோட்டில் நான் எல்லாரையும் எழுத வைப்பேன், ஏனென்றால் கிளினிக்குக்குக் கிளினிக் பார்க்கிற மருத்துவர் மாறலாம், கொப்பி மாறாது. நிறம் வைக்கோல் மஞ்சளாகவோ இலேசான ரோஸாகவோ இருந்தால் சரி. கலங்கலாகவோ நாற்றத்தோடோ வந்தால் ஆய்வுகூடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

பல தரம் எடுத்தும் அளவு அப்படியே நின்றால் ஸ்கான் பார்த்துத் திரும்ப ஒரு சின்னக் குழாய் வைப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் டொக்சிசைக்கிளின் போன்ற மருந்தை உள்ளே செலுத்தி இரண்டு பரப்பையும் ஒட்ட வைப்பதுண்டு. நீண்ட காலம் கவனிக்காமல் விட்ட செரோமாவைச் சுற்றி உடம்பு ஒரு சவ்வைக் கட்டிவிடும். உள்ளே வழுவழுப்பான ஒரு பை உண்டாகிவிட்டால் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் அது ஒட்டாது, அந்தப் பையை வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெட்கத்தில் ஒரு மாதம், இரண்டு மாதம் என்று தள்ளிப் போடுகிறவர்கள் வந்து நிற்பது இந்த இடத்தில்தான். நீங்கள் நான்காம் நாளிலேயே கேட்டிருக்கிறீர்கள், உங்களுக்கு இதெல்லாம் தேவைப்படாமலே போகலாம்.

ஒன்றை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். வீட்டில் வைத்து யாரும் ஊசியால் இழுக்க விடாதீர்கள். ஊசி போடத் தெரிந்த சொந்தக்காரர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். நான் வேலை செய்த வோட்டுக்கு ஒருமுறை ஒரு பெண் வந்தா. வயிறு செவ்வரத்தம் பூ நிறத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. வீட்டில் இரண்டு தரம் தண்ணி எடுத்திருக்கிறார்கள், சுத்தமான ஊசிதான் என்று சத்தியம் செய்தார்கள். ஊசி சுத்தம், தோல் சுத்தமில்லை. தேங்கி நிற்கிற நீரில் கிருமி ஒன்று விழுந்தால் அதற்கு அது விருந்துச் சாப்பாடு. தையலைப் பிரித்துக் கழுவி, புண்ணைத் திறந்தே விட்டு, ஆறுவதற்கு அவவுக்கு இரண்டரை மாதம் எடுத்தது. அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

பெல்ட். இரவும் பகலும் போட வேண்டும், குளிக்கும் நேரம் தவிர. எத்தனை கிழமை என்பதை உங்கள் சேர்ஜன் சொல்வார், நான்கிலிருந்து ஆறு என்பது வழக்கம். எல்லா இடமும் ஒரே அழுத்தமாக இருக்க வேண்டும், பெல்ட்டுக்கும் தோலுக்கும் இடையில் இரண்டு விரல் போக வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் தீமைதான். உரித்து இழுத்த தோலுக்கு இரத்தம் ஆகக் குறைவாக வருவது நடுவில், தையலுக்குச் சற்று மேலே. அங்கே அழுத்தம் மிஞ்சினால் தோல் கறுத்துச் செத்துப்போகலாம். வயிற்றின் உள் அழுத்தம் ஏறினால் காலிலிருந்து இரத்தம் மேலே வருவதும் தடைப்படும். உட்காரும்போது பெல்ட் சுருண்டு கயிறு போல ஒரு கோடாக வெட்டுகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் நீர் ஒதுங்கி நிற்கும். இன்னொன்று எங்கள் ஊர்ப் புழுக்கம். வேர்வையில் ஊறின பெல்ட்டோடு கிடந்தால் கவட்டிலும் இடுப்பிலும் வேர்க்குரு வந்து புண்ணாகும். இரண்டு பெல்ட் வைத்திருங்கள், ஒன்று காயும்போது மற்றது. அடியில் மடிப்பில்லாமல் ஒரு மெல்லிய பருத்திப் பெனியன். தையலில் பவுடர் போட வேண்டாம்.

அசைவைப் பற்றித்தான் எனக்குக் கூடச் சொல்ல இருக்கிறது. கொழும்பில் தருகிற தாளில் "பாரம் தூக்க வேண்டாம், உடற்பயிற்சி வேண்டாம்" என்று மட்டும் இருக்கும். எங்கள் பெண்கள் அதை வாசித்துவிட்டு, ஜிம்முக்கா போகிறோம் என்று சொல்லி, திருவலையில் குந்தித் தேங்காய் திருவுவார்கள். தேங்காய் திருவுவதைப் போல இந்த வயிற்றுக்குக் கெட்ட வேலை வேறு இல்லை. முன்னுக்குக் குனிந்து, தோளால் தள்ளி இழுக்கிற ஒவ்வொரு தரமும் தோல் தசை மேல் வழுக்குகிறது. முற்றம் கூட்டுவது, கிணற்றில் தண்ணி அள்ளுவது, உடுப்புக் கும்மித் தோய்ப்பது, கடைக்குட்டியை இடுப்பில் வைப்பது, குண்டும் குழியுமான ஒழுங்கையில் ஸ்கூட்டரின் பின்னுக்கு இருந்து போவது எல்லாம் அதே கணக்குத்தான். ஆறு கிழமைக்கு இவை வேறு யாருடைய வேலையாகவும் இருக்கட்டும். தேங்காய்ப்பூ வேண்டும் என்றால் உங்கள் வீட்டுக்காரர் திருவட்டும்.

அதற்காகப் படுத்தே கிடக்கவும் கூடாது. வீட்டுக்குள் மெதுவாக, அடிக்கடி நடவுங்கள். காலில் இரத்தம் உறையாமல் இருக்க அது வேண்டும். கட்டிலிலிருந்து எழும்பும்போது நேரே நிமிராமல், ஒரு பக்கம் சரிந்து கையை ஊன்றி எழும்புங்கள். படுக்கும்போது முதுகுக்கும் முழங்காலுக்கும் தலையணை. கோணேசர் கோயிலுக்கு ஏறிப்போவது, நிலாவெளிக் கடலில் இறங்குவது, கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளிப்பது எதுவும் இப்போது வேண்டாம். தையலும் குழாய் இருந்த துவாரமும் முழுசாக மூடி, சேர்ஜனும் சரி என்று சொன்ன பிறகு போகலாம். கோணேசர் எங்கேயும் போகமாட்டார்.

சாப்பாட்டில், இறால், நண்டு, கத்தரிக்காய் கிரந்தி என்று விலக்கினால் விலக்குங்கள், அதில் நான் சண்டை பிடிக்கமாட்டேன். ஆனால் அந்தப் பெயரில் மீனும் முட்டையும் பருப்பும் எல்லாமே விலக்கி, வெறும் சோறும் இரசமுமாக இருந்துவிடாதீர்கள். எடுக்கிற நீரில் புரதம் போகிறது, புண் ஆறவும் புரதம் வேண்டும். சீனி வருத்தம் இருந்தால் அதைக் கட்டுப்பாட்டில் வையுங்கள். நோவுக்கு டிஸ்பிரின் போட வேண்டாம், இரத்தம் கசிய வைக்கும். பனடோலோடு நில்லுங்கள்.

எப்போது ஓட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதை உங்கள் வீட்டுக்காரருக்கும் வாசித்துக் காட்டுங்கள். காய்ச்சல் 100.4 பாரனைட்டைத் தாண்டினால், தோல் சிவந்து சூடேறி அந்தச் சிவப்புப் பரவினால், தையலில் சீழோ நாற்றமோ வந்தால், தையலுக்கு மேல் தோல் கறுத்தால், ஒரு பக்கம் மட்டும் திடீரென்று கல்லுப் போல வீங்கி நொந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. தையலில் ஒரு சின்ன இடம் திறந்து மஞ்சள் நீர் பீறிட்டு வந்தால் பயப்பட வேண்டாம், பை தானாக வழி தேடியிருக்கிறது. சுத்தமான கோஸ் வைத்துக் கட்டிக்கொண்டு அன்றைக்கே போய்க் காட்டுங்கள். கெண்டைக்கால் ஒன்று வீங்கி நொந்தால், அல்லது மூச்சு வாங்கி நெஞ்சு நொந்தால் அது வேறு விஷயம். இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். காலை உருவிவிட வேண்டாம், ஆட்டோ தேட வேண்டாம், 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

கொழும்புக்குப் போவதா? ஏறத்தாழ 260 கிலோமீற்றர், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஆறு மணித்தியாலத்துக்குக் குறையாத இருப்பு. மூன்றாம் கிழமையில், தண்ணி தளும்பும் வயிற்றோடு, முப்பது நாற்பது மில்லி எடுப்பதற்காக ஒவ்வொரு கிழமையும் போய் வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஊசியால் நீர் எடுப்பதற்கு பிளாஸ்ரிக் சேர்ஜன்தான் வேண்டும் என்றில்லை. எங்கள் மாவட்டப் பொது வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை கிளினிக்கில் பொதுச் சேர்ஜன் செய்யக்கூடிய வேலை. கொழும்புச் சேர்ஜனிடம் போனில் நிலைமையைச் சொல்லி, என்ன செய்தார், எங்கே தைத்தார், எப்போது குழாய் எடுத்தார் என்று ஒரு கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். அதையும் டயக்னோசிஸ் கார்டையும் கையில் கொண்டு போங்கள். அவர் தானே பார்க்க வேண்டும் என்று சொன்னால் போகத்தான் வேண்டும். அப்படிப் போனால் ஒவ்வொரு மணித்தியாலமும் இறங்கி ஐந்து நிமிடம் நடவுங்கள், இருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள், பஸ்ஸை விட வானில் சாய்ந்து போவது நல்லது.

கடைசியாக அந்த ஹேர்னியாக் கதை. அயலுக்கு என்ன சொல்வது என்பது உங்கள் விருப்பம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மருத்துவரிடம் அதையே சொன்னால் அவருடைய யோசனை வேறு பக்கம் போகும். ஹேர்னியாவுக்குப் பிறகு வீக்கம் என்றால் குடல் திரும்ப வெளியே வந்துவிட்டதா, உள்ளே வலை வைத்திருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்ப்பார். ஊசி எங்கே, எவ்வளவு ஆழம் என்று முடிவெடுக்கிறவருக்கு, தோல் எதுவரை உரிக்கப்பட்டது, தசை தைக்கப்பட்டதா, லிப்போசக்ஷனும் செய்தார்களா என்பதெல்லாம் தெரிய வேண்டும். இடுப்புக்கு இடுப்பு ஓடுகிற தையலைப் பார்த்தால் அவருக்கு எப்படியும் விளங்கத்தான் போகிறது.

உங்களுக்கு என்ன வெட்கம், தங்கச்சி? மூன்று பிள்ளைகளைச் சுமந்த வயிறு. நடுத் தசை இரண்டாக விலகி, மூன்று வருடம் கழித்தும் ஏழு மாதக் கர்ப்பம் போல நிற்கிற வயிறோடு, நாரி நோவோடு, குனிய ஏலாமல் இருந்த எத்தனையோ பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சரிசெய்யக் காசு சேர்த்தீர்கள், துணிந்து போனீர்கள். வோட்டில் யாராவது ஒரு தாதி "வடிவுக்காகச் செய்த ஒப்பரேஷனோ?" என்று கேட்டுவிடுவாளோ என்றுதான் உங்கள் பயம் என்று எனக்குத் தெரியும். கேட்டாலும் கேட்பாள், அது அவளுடைய பிழை. என்னோடு வேலை செய்தவர்கள் அப்படிக் கேட்டபோது நான் கண்டித்திருக்கிறேன். பெண் மருத்துவரோ தாதியோ கூட நிற்க வேண்டும் என்றும், திரை போடச் சொல்லியும் நீங்கள் தயங்காமல் கேட்கலாம்.

கிளினிக் எந்த நாளில் என்று முதலே கேட்டுக்கொண்டு, நேரத்தோடு போங்கள். தளர்ந்த சட்டையும், முன்பக்கம் திறக்கிற பெல்ட்டும் போட்டுப் போனால் கழற்றிப் பூட்டச் சுகம். மாற்றுப் பெல்ட்டையும் கொப்பியையும் மறக்க வேண்டாம். வந்த பிறகு எத்தனை மில்லி எடுத்தார்கள், என்ன நிறம் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.